ஜிப்சம் சுவரும் சுண்ணாம்புச் சுவரும்: எட்டு மாரிக்குப் பிறகு

2015இல் கிளிநொச்சி மாவட்டத்தில் கண்டாவளைப் பக்கம் எங்கள் வீட்டைத் திருத்தியபோது முன் அறைக்கு ஜிப்சம் பூசினோம். விறாந்தைக்கும் பின் அறைக்கும் சுண்ணாம்புச் சாந்து. நான் ஓவியம் படிப்பிக்கிறவன். இரண்டையும் ஒரே கூரைக்குக் கீழே வைத்துப் பார்க்க ஆசை. எட்டு மாரி கடந்துவிட்டது.

முதல் வருடம் ஜிப்சம்தான் மனதைப் பிடித்தது. கலந்து அரை மணிக்குள் இறுகிவிடும், சுவர் வழுவழுவென்று வரும். சுண்ணாம்பு பொறுமையைச் சோதித்தது. நீற்றிய சுண்ணாம்பை ஒரு மாதம் பீப்பாயில் தண்ணீருக்குக் கீழே வைத்து, மணலோடு குழைத்து, மெல்லிய பூச்சாகப் பூசினோம். வெயிலுக்கு ஈரச் சாக்கும் தொங்கவிட்டோம். ஒரு பக்கம் சீக்கிரம் காயவிட்டதில் மயிரிழையாய் வெடித்தது. "தம்பி, சுண்ணாம்பை அவசரப்படுத்தேலாது, அது காத்தைக் குடிச்சுத்தான் கல்லாகும்" என்றார் வயதான மேசன். அதுதான் உண்மை. ஜிப்சம் கலந்த தண்ணீரையே பிடித்துக்கொண்டு இறுகும். சுண்ணாம்பு காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை மாதக்கணக்கில் எடுத்து மறுபடி சுண்ணக்கல்லாகிறது. (நீற்றும்போது கொதிக்கும், கண்ணுக்குக் கண்ணாடி போடாமல் கிட்டப் போகாதீர்கள்.)

பிறகு 2018 மார்கழி வெள்ளம். இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்த அந்த நாட்களில் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். வடிந்த பிறகு முன் அறைச் சுவரை விரலால் அழுத்தினேன். ஊறிய பாண் போல அமுங்கியது. ஈரம் இடுப்பு வரை ஏறியிருந்தது. ஜிப்சம் தண்ணீரில் கரைவது லீற்றருக்கு இரண்டு கிராம் அளவுதான், ஆனால் ஈரம் ஊறினாலே பலம் போய்விடுகிறது. கொத்தித்தான் எடுத்தோம். சுண்ணாம்புச் சுவரில் சேற்றுக்கோடு, காய்ந்ததும் கொஞ்சம் உப்புப் பூத்தது. தேய்த்துவிட்டு வெள்ளை அடித்தோம், அவ்வளவுதான்.

ஆனால் அச்சு வார்க்க ஜிப்சத்தை விடமாட்டேன். இறுகும்போது சற்றே பருத்து அச்சின் மூலைமுடுக்கெல்லாம் நிறையும். பிள்ளைகள் களிமண்ணில் பூவரசம் இலையை அழுத்தி வார்த்தபோது நரம்பு நரம்பாக எழுந்து வந்தது. கலக்கும் தாச்சியை மட்டும் ஒவ்வொரு முறையும் நன்றாகக் கழுவ வேண்டும். பழைய துகள் ஒட்டியிருந்தால் புதுக்கலவை ஊற்றுமுன்னே இறுகிவிடும். பிரித்த பையை மாரியில் மிச்சம் வைக்கவும் கூடாது. என்னுடைய பாதிப் பை கட்டிபட்டு வீணானது. பீப்பாய்ச் சுண்ணாம்போ தண்ணீருக்குக் கீழே இன்றும் தயிர் மாதிரி இருக்கிறது.

விறாந்தைச் சுவர் ஈரமாய் இருந்தபோதே காவிமண்ணைத் தண்ணீரில் குழைத்து ஒரு பனை வரைந்தேன். பசை எதுவும் சேர்க்கவில்லை. சுண்ணாம்பு இறுகும்போது நிறத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டது. இன்றும் தடவினால் கையில் ஒட்டாது.

முன் அறையில் இடுப்புக்குக் கீழே இப்போது சுண்ணாம்பு. மேலே பழைய ஜிப்சம் அப்படியே இருக்கிறது, ஒரு வெடிப்புக்கூட இல்லை.