லாரி ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்: ஆயில் சூடு எதுவரை போகலாம்?

சூடு காட்டும் மீட்டர் பொருத்தியதும் பலர் முதலில் கேட்பது, "எத்தனை டிகிரி வரை சரி?" என்றுதான். அதற்கு முன் சென்சார் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். சம்ப்பில் (கியர்பாக்ஸின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியில்) இருந்தால் வழக்கமான ஓட்டத்தில் 80 முதல் 95 டிகிரி செல்சியஸ் காட்டும். எஞ்சின் சக்தியை ஆயில் வழியாக கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வர்ட்டரிலிருந்து கூலருக்குப் போகும் குழாயில் இருந்தால், ஏற்றத்தில் அதே வண்டி 120-ஐத் தாண்டிக் காட்டலாம். சில நிமிடத்தில் இறங்கிவிட்டால் கவலை இல்லை. இரண்டையும் ஒப்பிட்டுக் குழம்புபவர்கள்தான் அதிகம்.

சம்ப்பில் 105-ஐத் தொட்டால் சுமையையும் வேகத்தையும் குறைக்கத் தொடங்குங்கள். 115 வாக்கில் ஆயில் பிசுபிசுப்பாகி வால்வுகளில் படியத் தொடங்கும். 125-ஐத் தாண்டினால் ரப்பர் சீல்கள் இறுகும். 145-க்கு மேல் கிளட்ச் பிளேட்டுகள் வழுக்கும், பிறகு கருகும். 80-க்கு மேல் ஒவ்வொரு 11 டிகிரிக்கும் ஆயிலின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும் என்பது மெக்கானிக்குகள் வைத்திருக்கும் கணக்கு. சிந்தடிக் ஆயில் இன்னும் கொஞ்சம் தாங்கும். சீல்களுக்கு அந்தச் சலுகை கிடையாது.

சூட்டின் பெரும்பகுதி கன்வர்ட்டரில்தான் பிறக்கிறது. லாக்-அப் (கன்வர்ட்டரின் இரு பக்கத்தையும் நேரடியாக இணைத்துப் பூட்டும் கிளட்ச்) விழாதவரை உள்ளே ஆயில் கடையப்பட்டுக்கொண்டே இருக்கும். அதனால் பாரத்தோடு ஏற்றத்தில் மேல் கியரிலேயே முக்கி முக்கிப் போவதுதான் மிக மோசம். பாரம் இழுப்பதற்கான டோ-ஹால் மோடு போட்டு, ஒரு கியர் இறக்கி, லாக்-அப் பிடித்தபடி போனால் எஞ்சின் சத்தம் கூடும், ஆயில் சூடு இறங்கும். ஏற்றத்தில் நிற்கும்போது ஆக்ஸிலரேட்டரை மிதித்தே வண்டியைப் பிடித்து வைக்காதீர்கள், பிரேக் போடுங்கள். அப்படிப் பிடித்து வைப்பதில் சில வினாடிகளிலேயே சூடு எகிறும்.

எல்லை மீறிவிட்டதா? உடனே எஞ்சினை அணைக்க வேண்டாம். ஓரங்கட்டி, நியூட்ரலில் போட்டு, 1000 முதல் 1200 ஆர்பிஎம்மில் இரண்டு மூன்று நிமிடம் ஓட விடுங்கள். ஆயில் கூலர் வழியாகச் சுற்றிக் குளிரும். அப்போதும் இறங்கவில்லை என்றால் கூலரின் பின்னல்களில் சேறு, பூச்சி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். கழுவுவது பின்பக்கத்திலிருந்து, மெல்லிய நீரழுத்தத்தில். பலமாக அடித்தால் பின்னல் மடங்கிவிடும். கிளட்ச் ஒருமுறை கருகிய கியர்பாக்ஸில் கூலரையும் மாற்றிவிடுவது நல்லது. உள்ளே தங்கிய துகள் புதிய பிளேட்டுகளுக்கும் எமன்.

கூடுதல் கூலர் போட்டால், ஆயில் முதலில் ரேடியேட்டரிலுள்ள கூலரைக் கடந்து, பிறகு புதிய கூலருக்குள் போய், கியர்பாக்ஸுக்குத் திரும்ப வேண்டும். குளிர்ப் பகுதியில் தெர்மோஸ்டாட் பைபாஸ் (ஆயில் சூடேறும்வரை அதைக் கூலருக்குள் விடாமல் திருப்பிவிடும் வால்வு) அவசியம். ஆயில் சில்லென்று இருந்தால் கியர் மாற்றம் மந்தமாகும், லாக்-அப்பும் தாமதமாகும்.

ஆயில் மட்டத்தை, கையேடு சொல்லும் சூட்டில், பெரும்பாலும் 70 முதல் 80 டிகிரியில், எஞ்சின் ஓடும்போதே பாருங்கள். குளிர்ந்த ஆயிலைப் பார்த்து நிரப்பினால் சூடேறியதும் அது விரிந்து, சுழலும் பாகங்களில் அடிபட்டு நுரைக்கும். நுரைத்த ஆயில் அழுத்தத்தைப் பிடிக்காது. பிளேட்டுகள் வழுக்கும், மீட்டர் மறுபடி ஏறும்.