வீவக ஹாலுக்கு டெனான் எக்ஸ்2800ஹெச்: மிச்சப் பணத்தை நடு ஸ்பீக்கரில் போடுங்கள்

சிங்கப்பூரில் நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் ஹாலில் படம் பார்க்க டெனான் ஏவிஆர்-எக்ஸ்2800ஹெச் ரிசீவர், அதாவது டிவி ஒலியைப் பல ஸ்பீக்கர்களுக்குப் பிரித்து அனுப்பும் ஆம்ப்ளிஃபையர் பெட்டி, தாராளமாகப் போதும். அதற்கு மேலான மாடலை வாங்க ஒதுக்கிய பணம் கையில் இருந்தால், அதை முன்வரிசை மூன்று ஸ்பீக்கர்களில், அதிலும் நடு ஸ்பீக்கரில் போடுங்கள். இப்படிச் சொல்லக் காரணம் நம் ஹாலின் அமைப்புதான்.

டிவி ஒரு சுவரில் இருக்கும், சோபா எதிர்ச்சுவரை ஒட்டி இருக்கும். நடுவே மூன்று, மூன்றரை மீட்டர். ஒரு பக்கம் ஜன்னல், மறுபக்கம் சாப்பாட்டு மேசைக்குப் போகும் திறந்த வழி. உட்கார்ந்தவரின் முதுகுக்குப் பின்னால் ஒரு ஜாண் இடம்கூட இருக்காது. அங்கே 7.1 அமைப்பின் (ஏழு ஸ்பீக்கர், பாஸ் என்னும் அடித்தொனிக்கு ஒரு சப்வூஃபர்) பின் ஸ்பீக்கர்களை மாட்டினால் ஒலி காதுக்குள் கத்தும், சூழ்ந்து வராது. இந்த ரிசீவரில் ஏழு சேனல் ஆம்ப்ளிஃபையர் உண்டு. ஐந்தைக் கீழேயும் இரண்டைத் தலைக்கு மேலேயும் பயன்படுத்துங்கள், அதாவது 5.1.2. மேலே வைக்க வசதியில்லை என்றால் 5.1 போதும். பக்க ஸ்பீக்கர்களைச் சோபாவின் இரு முனைகளுக்கு நேராக, காதுக்குச் சற்று மேலே மாட்டுங்கள்.

பெட்டியில் போட்டிருக்கும் 95 வாட் என்ற எண்ணைப் பார்த்து மயங்கவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம். அது 8 ஓமில், இரண்டு சேனல் மட்டும் ஓடும்போது அளந்தது. எல்லாச் சேனலும் சேர்ந்து முழங்கும்போது அந்த அளவு கிடைக்காது. ஆனால் வீட்டில் எவ்வளவு தேவை என்று கணக்குப் போடுங்கள். 87 டெசிபெல் உணர்திறன் உள்ள ஸ்பீக்கர் 1 வாட்டில், 1 மீட்டரில் 87 டெசிபெல் தரும். 3 மீட்டர் தள்ளி அது ஏறக்குறைய 77.5 ஆகக் குறையும். சுவர்கள் திருப்பித் தருவதைக் கணக்கில் எடுக்கவில்லை. திரையரங்கின் முழு அளவில் ஒரு சேனலின் உச்சம் 105 டெசிபெல். அடுக்குமாடியில் அதற்கு 20 டெசிபெல் கீழே வைத்தாலே நல்ல சத்தம். டெனான் திரையில் வால்யூம் 60 என்று காட்டும் இடம் அது. அப்போது உச்சம் 85 டெசிபெல், அதற்குத் தேவை ஆறு வாட்டுக்கும் குறைவு. 80 வாட் மாடலிலிருந்து 95-க்கோ, 95-லிருந்து 105-க்கோ தாவுவதால் காதுக்கு எதுவும் மாறாது. ஆற்றல் இரட்டிப்பானால்தான் 3 டெசிபெல் கூடும்.

அதனால் ஸ்பீக்கருக்கு வருவோம். படத்தில் பேச்சு பெரும்பாலும் நடு ஸ்பீக்கரிலிருந்துதான் வருகிறது. இடம், நடு, வலம் மூன்றும் ஒரே நிறுவனத்தின் ஒரே வரிசையாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் திரையில் ஒருவர் இடமிருந்து வலம் நடக்கும்போது அவர் குரலின் தன்மையே வழியில் மாறிவிடும். பக்க ஸ்பீக்கர்களும் மேல் ஸ்பீக்கர்களும் வேறு வரிசையாக இருந்தால் பரவாயில்லை, அங்கே சமரசம் செய்துகொள்ளலாம்.

வார்ஃப்டேல் டயமண்ட் 12 வரிசை இந்த ரிசீவருக்கு இதமான துணை. 12.1 ஸ்பீக்கரின் உணர்திறன் 88 டெசிபெல். குரல் மென்மையாக வரும், காது சலிக்காது. ஆனால் அதன் நடு ஸ்பீக்கரான 12.சி, டுவீட்டரின் (உச்சத்தொனி தரும் சிறு கூம்பு) இருபுறமும் வூஃபர் (அதற்குக் கீழுள்ள தொனிகளைத் தரும் பெரிய கூம்பு) வைத்துக் கிடைமட்டமாகச் செய்தது. இந்த அமைப்பில் நேராக உட்கார்ந்தவருக்குக் குறை தெரியாது. சோபாவின் ஓரத்தில் இருப்பவருக்கு இரண்டு வூஃபரின் ஒலியும் சற்று முன்பின்னாக வந்து சேர்ந்து, 1,000 முதல் 2,000 ஹெர்ட்ஸ் பகுதியில் ஒன்றையொன்று தின்றுவிடும். சொல் தெளிவாகக் கேட்பதற்குப் பெரிதும் உதவும் பகுதி அது. தாத்தா பாட்டியோடு குடும்பமே வரிசையாக உட்காரும் வீட்டில் இது பெரிய குறை. கெஃப் கியூ வரிசையில் டுவீட்டர் நடு அலைவரிசைக் கூம்பின் மையத்திலேயே இருக்கிறது. ஆகவே ஓரத்து இருக்கையிலும் பேச்சு கலையாது. 2017-ல் வந்த கியூ150-யும் கியூ250சி நடு ஸ்பீக்கரும் நல்ல ஜோடி. 2024-ல் அந்த வரிசைக்குப் பதிலாக மெட்டா வரிசை வந்துவிட்டதால் பழையது மலிவாகக் கிடைத்தால் தயங்காதீர்கள். கியூ150-யின் உணர்திறன் 86 டெசிபெல்தான். மேலே போட்ட கணக்கில் அதற்கு 7 வாட் ஆகும், அவ்வளவே. எங்கள் தேர்வு கெஃப். தனியாளாக, நேர் நடுவில் உட்கார்ந்து பார்ப்பவர் என்றால் வார்ஃப்டேல்.

கடையில் கேட்டுப் பார்க்க, சிட்டி ஹால் எம்ஆர்டி ரயில் நிலையத்தின் பக்கத்தில் கோல்மன் ஸ்திரீட்டின் அடெல்ஃபி கட்டடத்தில் ஒலிக்கருவிக் கடைகள் பல ஒரே இடத்தில் இருக்கின்றன. நடு நாற்காலியில் உட்கார்ந்து வெடிச்சத்தம் கேட்டு முடிவெடுக்காதீர்கள். ஓர நாற்காலிக்குப் போய், தமிழ் வசனம் உள்ள காட்சி ஒன்றைக் குறைந்த சத்தத்தில் போடச் சொல்லுங்கள். ழகரமும் ளகரமும் பிரிந்து கேட்கிறதா என்று பாருங்கள். விலை கேட்கும்போது 9 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்த்தா என்று கேளுங்கள். அமெரிக்காவிலிருந்து வரவழைத்த செட் மலிவாகத் தெரியும். அது 120 வோல்ட்டுக்கானது. நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் எரிந்துபோகும். வயரும் பனானா பிளக்கும் சிம் லிம் டவரில் வாங்கலாம். 10 மீட்டர் தூரத்துக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் போகவர மின்தடை சுமார் கால் ஓம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது சரி. 4 ஓம் அளவுக்கு இறங்கும் ஸ்பீக்கர் என்றால் 2.5 போடுங்கள். அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசிய வயரும் விற்கிறார்கள், தவிர்த்துவிடுங்கள்.

புதுப்பிப்பு வேலை நடக்கும்போதே வயரைச் சுவருக்குள் விட்டுவிட வேண்டும். ஃபால்ஸ் சீலிங் தரையிலிருந்து குறைந்தது 2.4 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். மேல் ஸ்பீக்கரை அதற்குள் பொருத்தலாம். வெறும் கான்கிரீட் கூரை என்றால், ஒலியை மேலே அடித்துத் திருப்பும் வகை ஸ்பீக்கரும் ஓரளவு வேலை செய்யும். நடுவில் மின்விசிறி இருந்தால் அதை நம்ப வேண்டாம்.

ரிசீவர் சுமார் 17 சென்டிமீட்டர் உயரம், 34 சென்டிமீட்டர் ஆழம், ஒன்பதரை கிலோ எடை. பின்னால் பிளக்குகளுக்கு இன்னும் 6, 7 சென்டிமீட்டர் வேண்டும். 40 சென்டிமீட்டர் ஆழமுள்ள டிவி கேபினட்டில் அது திணறும். கேபினட்டில் கதவு போட்ட தட்டுக்குள் வைத்தால் நம் ஊர் வெக்கையில் சூடேறித் தானாக அணைந்துவிடும். கதவைக் கழற்றுங்கள், அல்லது பின்பலகையை அறுத்துத் திறந்துவிடுங்கள். நடு ஸ்பீக்கரை அலமாரியின் உள்ளே தள்ளாமல், அதன் முகம் விளிம்போடு சமமாக வரும்படி முன்னுக்கு இழுத்து, ரப்பர் துண்டு கொடுத்துக் காதை நோக்கிச் சாய்த்து வையுங்கள். உள்ளே தள்ளினால் பெட்டிக்குள் பேசுவது போல் குரல் கும்மும்.

டிவியை ரிசீவரின் இஏஆர்சி பொருத்துவாயில் (டிவியின் ஒலியை ரிசீவருக்குக் கொண்டுவரும் எச்டிஎம்ஐ வாய்) இணைத்து, டிவி மெனுவில் ஒலி வெளியீட்டை பாஸ்-த்ரூ என்று மாற்றுங்கள். பிசிஎம் (டிவியே பிரித்துத் தரும் ஒலி) என்று இருந்தால் அட்மாஸ், அதாவது மேல் ஸ்பீக்கர்களுக்கும் ஒலி தரும் டால்பி முறை, வரவே வராது. வசந்தம் டிவி தொடர் போன்ற இரு சேனல் ஒலிக்கு டால்பி சரவுண்ட் முறையைப் போட்டால் பேச்சு நடு ஸ்பீக்கருக்கு வந்துவிடும்.

அடுத்து ஆடிசி அளவீடு, அதாவது ரிசீவரோடு வரும் மைக்கால் ஹாலின் ஒலியை அளந்து தானே சரிசெய்யும் முறை. பலர் கெடுத்துக்கொள்வது இங்கேதான். ஏர்கான், மின்விசிறி, ஜன்னல் எல்லாவற்றையும் நிறுத்துங்கள், மூடுங்கள். மைக்கைச் சோபா முதுகில் வைக்காமல், கேமரா முக்காலியில் காது உயரத்தில், பின்சுவரிலிருந்து ஒரு முழமாவது தள்ளி வையுங்கள். முதல் அளவு நடு இருக்கையில் எடுக்க வேண்டும், தூரத்தையும் சத்தத்தையும் அதை வைத்தே கணிக்கிறது. மற்ற ஏழு அளவுகளும் அதைச் சுற்றி. சப்வூஃபரின் கிராஸ்ஓவர் (எந்த அலைவரிசைக்குக் கீழுள்ள ஒலி சப்வூஃபருக்குப் போகும் என்ற எல்லை) குமிழை முன்னதாகவே உச்சத்தில் வைத்துவிடுங்கள். முடிந்ததும் ஸ்பீக்கர்கள் லார்ஜ் (பாஸையும் தானே தரும்) என்று காட்டினால் ஸ்மால் (பாஸைச் சப்வூஃபருக்கு விடும்) ஆக்கி, கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸ் செய்யுங்கள். அளந்து சொன்னதைவிட உயர்த்தலாம், தாழ்த்தக் கூடாது. சப்வூஃபர் தூரம் உண்மையைவிட அதிகமாகக் காட்டும். அதன் உள்மின்சுற்றின் தாமதமும் அதில் சேர்ந்திருப்பதால் திருத்த வேண்டாம்.

கான்கிரீட் சுவர்கள் பாஸை வெளியே விடாமல் திருப்பி அடிக்கும். சுவருக்குச் சுவர் 3.4 மீட்டர் என்றால் 50 ஹெர்ட்ஸில் ஒரு கும்மல் நிச்சயம் உண்டு. சப்வூஃபரை மூலையில் வைத்தால் அது பெருகும். பக்கச்சுவரில் அந்த 3.4 மீட்டரின் நடுப்புள்ளிக்கு நகர்த்தினால் பெருமளவு அடங்கும். இந்த ரிசீவரில் உள்ள ஆடிசி வகையான மல்ட்-ஈக்யூ எக்ஸ்டி பாஸைத் திருத்துவதில் நடுத்தரம்தான். எக்ஸ்3800ஹெச் மாடலின் எக்ஸ்டி32 அதைவிட நுட்பமானது. நான்கு சப்வூஃபர்களைத் தனித்தனியே சரிசெய்யும். எக்ஸ்2800ஹெச்சின் இரண்டு சப்வூஃபர் வாய்களும் ஒரே சிக்னலைத்தான் தரும். இரண்டு சப்வூஃபர் வைக்க இடம் இருப்பவர்களுக்கு மட்டும் அந்தப் பெரிய மாடல் நியாயமான செலவு.

கீழ்வீட்டுக்காரருக்குப் பாஸ்தான் தொல்லை. சப்வூஃபருக்கு அடியில் ரப்பர் வைப்பதால் தரை அதிர்வு குறையும், காற்றில் போகும் முழக்கம் குறையாது. இரவு பத்தரைக்கு மேல் சப்வூஃபர் அளவை 6 டெசிபெல் இறக்கி, டைனமிக் வால்யூமை (உரத்த ஒலிக்கும் மெல்லிய ஒலிக்கும் உள்ள இடைவெளியைக் குறைக்கும் வசதி) மீடியத்தில் வையுங்கள். டைனமிக் ஈக்யூ போட்டிருந்தால் அது குறைந்த சத்தத்தில் பாஸைக் கூட்டும்; அந்தக் கூட்டலைக் குறைக்க ரெஃபரன்ஸ் ஆஃப்செட்டை 10 அல்லது 15 ஆக மாற்றுங்கள். குறைந்த சத்தத்தில் சப்வூஃபர் அடிக்கடி தூங்கிப்போனால், அதற்குப் போகும் சிக்னல் பலவீனம் என்று பொருள். ஆடிசி அதன் அளவை மைனஸ் 10 போல் வைத்திருக்கும். சப்வூஃபரின் சொந்த வால்யூம் குமிழைக் குறைத்து, ரிசீவரில் மைனஸ் 3 அருகே வரும்படி மறுபடி அளவிடுங்கள், விழித்துக்கொள்ளும்.