மாஸ்டா எம்எக்ஸ்-5இல் நெடுந்தூரப் பயணம்: முதுகும் காதும் தப்பிக்க

"ரெண்டே சீட்டு, துணிக் கூரை, இதுலயா ஸ்காட்லாந்து வரைக்கும்?" என்று கேட்காத ஆள் இல்லை. வண்டி மாஸ்டா எம்எக்ஸ்-5. 2015இல் வந்த என்டி எனப்படும் நான்காம் தலைமுறை, 2 லிட்டர் எஞ்சின். இங்கிலாந்தின் தென்பகுதியில் இருந்துகொண்டு சில வருடங்களாக வெளியூருக்கும் இதைத்தான் எடுத்துப் போகிறேன். தாராளமாகப் போகலாம். சில சின்ன வேலைகளை மட்டும் முதலில் முடித்துவிட வேண்டும். எல்லோரும் உடனே கை வைப்பது சஸ்பென்ஷனில். என்னைக் கேட்டால், அது கடைசியாகக்கூட வேண்டாம்.

முதல் வேலைக்குக் காசே இல்லை: டயர் காற்று. இந்த வண்டிக்கு மாஸ்டா சொல்லும் அளவு 29 பிஎஸ்ஐ. ஆயிரத்துச் சொச்சம் கிலோ எடைக்கு அது போதும். டயர் கடைகளில் மற்ற கார்களுக்கு அடிக்கிற பழக்கத்தில் 35, 36 என்று ஏற்றிவிடுகிறார்கள். அப்படி ஏற்றிய வண்டியில் பாலத்து இணைப்புகளைத் தாண்டினால் ஒவ்வொன்றும் இடுப்பில் வந்து இடிக்கும். காலையில் டயர் சூடாவதற்கு முன் 29க்கு இறக்கிப் பாருங்கள், வேறு வண்டி மாதிரி இருக்கும். டயர் மாற்றும்போதும் ஒன்றைக் கவனியுங்கள். 17 அங்குல சக்கரத்துக்கு 205/45 அளவில் எக்ஸ்எல் என்று போட்டவைதான் நிறையக் கிடைக்கும். அதிக பாரம் தாங்குவதற்காகப் பக்கச்சுவரைக் கெட்டியாகச் செய்திருப்பார்கள். இவ்வளவு லேசான வண்டிக்கு அந்தக் கெட்டி தேவையில்லை. சாதாரண வகை கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

அடுத்தது சீட். எடையைக் குறைக்க மெலிசாகச் செய்த சீட். நகரத்துக்குள் ஒரு குறையும் தெரியாது. இரண்டு மணி நேரம் தாண்டியதும் இடுப்புக்கு மேலே ஒரு இடைவெளி இருப்பது தெரியவரும். ஆன்லைனில் விற்கும் பெரிய மெத்தைகள் எதுவும் சரிவரவில்லை. தடிமனாக இருப்பதால் ஆளை முன்னே தள்ளிவிடுகின்றன, முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்கிறது. ஒரு சின்னத் துண்டை விரல் தடிமனுக்கு மடித்து, இடுப்பு பெல்ட் கட்டும் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே வைத்தால் போதும். உயரமானவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஆரம்பகால என்டியில் ஸ்டியரிங்கை மேலே கீழே மட்டும்தான் நகர்த்த முடியும். முன்னே பின்னே இழுக்கும் வசதி 2018இல் வந்த மாற்றத்தில்தான் சேர்ந்தது. பழையது வாங்குபவர்கள் இதற்காகவே கொஞ்சம் கூடக் கொடுத்துப் புதிய மாடலுக்குப் போகலாம் என்பேன்.

ஆனால் ஆளை உண்மையில் களைக்க வைப்பது சத்தம். லண்டனைச் சுற்றிவரும் எம் 25 நெடுஞ்சாலையில் கான்கிரீட் போட்ட பகுதிகள் இருக்கின்றன. அங்கே கூரையை மூடியிருந்தாலும் பக்கத்தில் இருப்பவரோடு கத்தித்தான் பேச வேண்டும். நாம் தாழ்வாக உட்கார்ந்திருப்பதால் பக்கத்து லாரியின் சக்கரம் சரியாகக் காதுக்கு நேரே சுற்றுகிறது. ஆறாவது கியரும் பெரிய கார்களில் போல எஞ்சினை ஓய்வாக விடும் கியர் இல்லை. இதில் அது நேரடி 1:1, அதாவது எஞ்சின் சுற்றும் அதே வேகம்தான் கியர்பாக்ஸிலிருந்து வெளியே வரும். எஞ்சின் எப்போதும் ஏதாவது சொல்லிக்கொண்டே இருக்கும்.

இதற்கு நான் கண்ட மருந்து, இசைக் கலைஞர்கள் போடும் வகை இயர்ப்ளக். சத்தத்தின் அளவைத்தான் குறைக்கும், ஆம்புலன்ஸ் சைரன் கேட்கும். போய் இறங்கியதும் அந்த மந்தமான தலைவலி இல்லை. போடுவதற்கு முன் உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். கலிபோர்னியாவில் இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு ஓட்டப் பொதுவாக அனுமதி இல்லை.

கூரையைத் திறந்து போகும்போது காற்று முன்னாலிருந்து அடிக்காது, பின்னாலிருந்து சுழன்று வந்து பிடரியில் அடிக்கும். சீட்டுகளுக்குப் பின்னால் காற்றுத்தடுப்பு, பக்கக் கண்ணாடி இரண்டும் மேலே, ஹீட்டர் காலுக்கு. இப்படி வைத்துக்கொண்டால் ஸ்காட்லாந்தின் அக்டோபர் குளிரிலும் திறந்தே போகலாம். அப்புறம் சன்ஸ்கிரீன். மேகமூட்டமாக இருக்கிறதே என்று விட்டுவிட்டால் சாயங்காலம் நெற்றி எரியும்.

இன்வர்னெஸில் தொடங்கி வட ஸ்காட்லாந்தைச் சுற்றிவரும் என்சி500 பாதை சுமார் 830 கிலோமீட்டர். வண்டிக்கு உண்மையான சோதனை அங்கேதான். ஆப்பிள்கிராஸ் கிராமத்துக்குப் போகும் பியாலக் நா பா கணவாய் 626 மீட்டர் உயரம், ஒற்றைத் தடம், ஊசிமுனைத் திருப்பங்கள். டயர் காற்று 29இல் இருந்தால் அந்த உடைந்த ரோட்டில் வண்டி குதிக்காமல் படிந்து போகிறது. இந்த ரோட்டுக்காகத்தான் மோட்டார்வேயின் அத்தனை சத்தத்தையும் பொறுத்துக்கொள்கிறேன், வேறு நியாயம் தேவையில்லை.

டிக்கி 130 லிட்டர். சக்கரம் வைத்த பெட்டியை மறந்துவிடுங்கள், துணிப்பைகள்தான். டேங்க் 45 லிட்டர், நிதானமாகப் போனால் 500 கிலோமீட்டருக்கு மேல் வரும். அதற்குள் உடம்பே இறங்கச் சொல்லிவிடும். சரிசெய்ய முடியாதது ஒன்றே ஒன்று, டீ வைக்கும் இடம். கப் ஹோல்டர் முழங்கைக்குப் பின்னால் இருக்கிறது. ஓட்டிக்கொண்டே எடுக்க முயன்றால் தோள்பட்டை போய்விடும், நிறுத்திக் குடியுங்கள்.