லீவில் ஊருக்கு வந்த சிப்பாயின் கதை: 'தி ஃபாரெவர் வார்'

ஜோ ஹால்டிமன் எழுதிய 'தி ஃபாரெவர் வார்' நாவலை இரண்டு பிரதிகளில் இரண்டு தடவை படித்திருக்கிறேன். முதல் பிரதி குன்னூரில் ஒரு பழைய பேப்பர் கடையில் கிடைத்தது. வெலிங்டன் ஸ்டாஃப் காலேஜில் கோர்ஸ் முடிந்து அதிகாரிகள் குடும்பத்தோடு கிளம்பும் சமயத்தில், கொண்டுபோக முடியாத புத்தகங்கள் கட்டுக்கட்டாக அந்தக் கடைக்கு எடைக்கு வரும். பென்ஷன் வந்ததிலிருந்து அங்கே போய்க் கிளறுவது என் வழக்கம். அட்டை பாதி கிழிந்திருந்தது. பட்டாளத்துக் கதை என்று பின்பக்கத்தில் தெரிந்ததால் முப்பது ரூபாய் கொடுத்து வாங்கி வந்தேன்.

நான் மதராஸ் ரெஜிமென்ட்டில் 24 வருடம் இருந்து ஹவில்தாராக வெளியே வந்தவன். கேத்தி பக்கம் எங்கள் ஊர். ஆங்கிலம் பத்தாவதில் படித்ததும் பட்டாளத்தில் பழகியதும்தான். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தினமும் காலையில் தோட்டத்துக்குத் தண்ணீர் விட்ட பிறகு பத்துப் பக்கம் என்று படித்தேன். முடிக்க மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. வாக்கியங்கள் சின்னச் சின்னதாக இருப்பதால் என்னைப் போன்றவர்களும் தைரியமாக எடுக்கலாம். இயற்பியல் வரும் இடங்களில் மட்டும் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும்.

கதை இதுதான். 1990களின் கடைசியில் மனிதர்களுக்கும் டாரன் என்ற வேற்றுலகத்தாருக்கும் சண்டை மூள்கிறது. வில்லியம் மண்டெல்லா இயற்பியல் படித்த பையன். சட்டம் போட்டுப் பிடித்துப் பட்டாளத்தில் சேர்க்கிறார்கள். அவனோடு சேர்க்கப்பட்டவர்கள் எல்லாரும் நல்ல மூளைக்காரர்கள், உடம்பிலும் குறை இல்லாதவர்கள். அவர்களைக் கொண்டுபோய்க் குழி தோண்ட விடுகிறார்கள், பங்கர் கட்ட விடுகிறார்கள். இதைப் படித்ததும் எழுதியவர் பட்டாளத்தில் இருந்தவர் என்பது எனக்குப் புரிந்துவிட்டது. வெளியில் இருப்பவர்கள் எழுதும் கதைகளில் சிப்பாய் எப்போதும் சுட்டுக்கொண்டே இருப்பான். உண்மையில் என் 24 வருடத்தில் துப்பாக்கியைவிட மண்வெட்டி, கடப்பாரை, மணல் மூட்டை இவற்றைப் பிடித்த நேரம்தான் அதிகம்.

என் ஊகம் சரிதான். ஹால்டிமன் இயற்பியலும் வானவியலும் படித்தவர். 1967-இல் கட்டாய ஆள்சேர்ப்பில் அமெரிக்க ராணுவத்தில் சேர்க்கப்பட்டு, வியட்நாமில் போர்முனை இன்ஜினியர் பிரிவில் இருந்தார். அங்கே பலத்த காயம் பட்டுத் திரும்பினார். 1974-இல் இந்த நாவல் வந்தது. அதற்கு முன் 18 பதிப்பகங்கள் வேண்டாம் என்று திருப்பி அனுப்பியிருக்கின்றன. வந்த பிறகு அறிவியல் புனைகதைக்கான ஹ்யூகோ, நெபுலா என்ற இரண்டு பெரிய விருதுகளும் கிடைத்தன. கதை நடக்கும் காலத்தை அவ்வளவு பக்கத்தில் வைத்ததற்கும் காரணம் உண்டு. வியட்நாம் போன ஆட்களே இந்தக் கதையில் அதிகாரிகளாகவும் சார்ஜென்ட்டுகளாகவும் இருக்க வேண்டும் என்று நினைத்தாராம்.

பயிற்சி நடப்பது கேரன் என்ற இடத்தில். புளூட்டோவையும் தாண்டி, சூரியன் வெறும் நட்சத்திரமாகத் தெரியும் தூரம். புளூட்டோவின் நிலவுக்கும் இதே பெயர்தான், ஆனால் அந்த நிலவை 1978-இல்தான் கண்டுபிடித்தார்கள். நாவலில் வருவது ஆசிரியர் கற்பனையில் படைத்த உலகம். அங்கே எல்லா வாயுவும் உறைந்து கல்லாகக் கிடக்கும். சிப்பாய் போட்டிருக்கும் உடுப்பின் முதுகில் சூட்டை வெளியே தள்ளும் தகடுகள் இருக்கின்றன. தெரியாமல் அந்த முதுகை உறைந்த வாயுவின் மேல் சாய்த்தால், அது ஒரே நொடியில் ஆவியாகி வெடிக்கும். ஆள் காலி. எதிரியின் முகத்தையே பார்க்காமல், இப்படிப் பயிற்சியிலேயே ஆட்கள் சாகிறார்கள்.

கேத்தியில் ஜனவரியில் உறைபனி விழும். காலையில் எழுந்து பார்த்தால் உருளைக்கிழங்குச் செடி வெந்ததுபோலக் கருகிக் கிடக்கும். குளிர் எனக்குத் தெரியும் என்ற நினைப்பில்தான் சியாச்சினுக்குப் போனேன். 18,000 அடிக்கு மேலே ஒரு போஸ்ட்டில் மூன்று மாதம். அங்கே முட்டை கல்லாகிவிடும், ஆரஞ்சுப் பழத்தைச் சுத்தியலால் உடைக்க வேண்டும். கையுறை இல்லாமல் துப்பாக்கி இரும்பைத் தொட்டால் தோல் அதோடு வந்துவிடும். பனிப்பிளவுக்குப் பயந்து ஒரே கயிற்றில் எல்லாரையும் கட்டிக்கொண்டு நடப்போம். 1984 ஏப்ரலில் நம் ராணுவம் அங்கே ஏறியதிலிருந்து, குண்டடி பட்டு இறந்தவர்களைவிடக் குளிரிலும் பனிச்சரிவிலும் இறந்தவர்களே அதிகம். 2016 பிப்ரவரியில் பனிச்சரிவு மூடிய பத்துப் பேர் இருந்தது எங்கள் ரெஜிமென்ட்டின் 19-ஆவது பட்டாலியன் போஸ்ட். அதனால் கேரன் பகுதியைப் படிக்கும்போது எனக்கு அது விண்வெளியாகவே தோன்றவில்லை. உடுப்பில் ஒரு சின்னத் தப்பு, கவனத்தில் ஒரு நொடிச் சறுக்கல், அவ்வளவுதான் உயிர். அந்தப் பயத்தை இவ்வளவு சரியாக எழுதிய இன்னொரு நாவலை நான் படித்ததில்லை.

முதல் சண்டை வரும் இடம் கடுமையானது. இந்தச் சிப்பாய்களுக்கு டாரன்கள் மேல் தனிப்பட்ட கோபம் எதுவும் இல்லை. அவர்களை நேரில் பார்த்தவர்கள்கூட இல்லை. அதனால் ராணுவம் இவர்களின் மனதை வசியம் செய்து, நடக்காத கொடுமைகளை நடந்ததுபோல உள்ளே ஏற்றி வைத்திருக்கிறது. சண்டை நேரத்தில் சார்ஜென்ட் குறிப்பிட்ட சில வரிகளைச் சொன்னதும் அந்த வெறி கிளம்புகிறது. சரியாக எதிர்த்துச் சண்டை போடக்கூடத் தெரியாத எதிரியை வெட்டித் தள்ளுகிறார்கள். வெறி இறங்கிய பிறகு மண்டெல்லாவுக்குத் தன்னையே பார்க்கப் பிடிக்கவில்லை. தன் தலைக்குள் இருக்கும் அந்தக் கொடுமைகள் பொய் என்பது அவனுக்கும் தெரியும், ஆனாலும் அது வேலை செய்கிறது. கட்டுப்பாட்டுக் கோட்டில் ஒரு போஸ்ட்டில் இருந்தபோது எதிர்ப்பக்கத்து ஆள் ஒருவன் தினமும் காலையில் வெளியே வந்து பல் தேய்ப்பதைத் தொலைநோக்கியில் பார்ப்பேன். இரண்டு நாள் அவனைக் காணவில்லை என்றால் மனது கேட்காது, உடம்பு சரியில்லையோ என்று தோன்றும். சண்டை வந்தால் சுட்டிருப்பேன், அது வேலை. ஆனால் வெறுப்பு தானாக வந்துவிடாது, வெளியிலிருந்துதான் ஏற்ற வேண்டும். ஹால்டிமன் அதைத் தெரிந்து எழுதியிருக்கிறார்.

இவ்வளவும் நாவலின் முதல் பகுதிதான். நான் உண்மையில் பேச வந்தது அடுத்த பகுதியை, லீவை.

ஒளியின் வேகத்துக்குப் பக்கத்தில் போகும் கப்பலில் இருப்பவனுக்கு நேரம் மெதுவாக ஓடும். ஐன்ஸ்டைன் 1905-இல் சொன்ன இயற்பியல் இது. மண்டெல்லாவின் கணக்கில் அவன் இரண்டு வருடம்தான் சண்டைக்குப் போய் வந்தான். பூமியில் 2024 ஆகிவிட்டது. சம்பளப் பாக்கி மலைபோலச் சேர்ந்திருக்கிறது. ஆனால் அப்பா இல்லை. அம்மா கிழவியாகிவிட்டாள். பயந்துகொண்டேதான் தெருவில் நடக்க வேண்டியிருக்கிறது. வயதானவர்களுக்கு வைத்தியம் கொடுப்பதா வேண்டாமா என்பதை அரசாங்கம் ஒரு எண்ணை வைத்து முடிவு செய்கிறது. அம்மாவின் எண் பூஜ்யம்.

பட்டாளத்தில் வருடத்துக்கு அறுபது நாள் ஆண்டு விடுப்பு. ரயில் பிடித்துக் கோயம்புத்தூர், அங்கிருந்து பஸ்ஸில் மேட்டுப்பாளையம், அப்புறம் கல்லாறு தாண்டி பர்லியாறு, வளைவு வளைவாக மேலே. யூகலிப்டஸ் வாசம் அடித்ததும் ஊர் வந்துவிட்டது என்று மனம் சொல்லும். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒரு தடவை, எதிர் மேட்டில் இருந்த கேரட் தோட்டம் தேயிலையாகியிருந்தது. இன்னொரு தடவை அந்தத் தேயிலையும் இல்லை, காட்டேஜ் கட்டிக்கொண்டிருந்தார்கள். என் பெரியப்பா இறந்து நாற்பது நாள் கழித்துத்தான் எனக்குக் கடிதம் கையில் கிடைத்தது. சியாச்சின் முடித்து வந்த லீவில், இரண்டரை வயது மகள் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "அம்மா, இந்த அங்கிள் எப்போ போவாங்க?" என்று கேட்டாள். என் மனைவி சிரித்துவிட்டு உடனே முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். மகள் என்னிடம் சகஜமாக வந்து ஒட்டிக்கொள்ள ஒரு மாதம் ஆனது. ஒட்டிக்கொண்ட பத்தாவது நாள் நான் பெட்டியைக் கட்டினேன்.

மண்டெல்லாவுக்கு நேர்ந்ததும் இதுதான். அளவு மட்டும் பெரிது. ஒவ்வொரு தடவை அவன் திரும்பும்போதும் பத்து வருடம், நூறு வருடம் என்று உலகம் அவனைவிட்டு விலகிக்கொண்டே போகிறது. ஆயிரம் வருடத்துக்கு மேல் ஓடும் அந்தச் சண்டையில் அவன் உயிரோடு வாழ்வது சில வருடங்கள்தான். ஊரில் இருக்க முடியாமல் அவனும் அவன் காதலி மேரிகேயும் மறுபடி பட்டாளத்திலேயே சேர்கிறார்கள். என்னோடு பென்ஷன் வந்தவர்களில் நாலு பேர் ஒரு வருடத்துக்குள் டிஎஸ்சி என்ற பாதுகாப்புக் காவல் படையில் சேர்ந்து மறுபடியும் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டார்கள். பணத்துக்காக என்றுதான் வீட்டில் சொன்னார்கள். ஒருத்தன் என்னிடம் மட்டும், "அண்ணே, வீட்ல எந்தச் சாமான் எங்க இருக்குன்னே எனக்குத் தெரியல" என்றான்.

மகள் இப்போது கோயம்புத்தூரில் டீச்சர். நான் இந்தப் புத்தகத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பதைக் கேட்டு, போன தீபாவளிக்குப் புதுப் பிரதி வாங்கிக் கொடுத்தாள். படிக்கத் தொடங்கிய பிறகுதான் ஆச்சரியம். ஊர் திரும்பும் பகுதி நான் படித்த மாதிரி இல்லை, இன்னும் இருட்டாக இருந்தது. முதலில் இந்த நாவல் பகுதி பகுதியாகப் பத்திரிகையில் வந்தபோது, நடுப்பகுதி மனதை ரொம்ப வாட்டுகிறது என்று பத்திரிகையின் ஆசிரியர் தயங்கியதால், ஹால்டிமன் அதை மாற்றி எழுதிக் கொடுத்திருக்கிறார். பழைய புத்தகங்களில் அந்த மாற்றிய வடிவமே வந்தது. 1990களின் பதிப்புகளில்தான் முதலில் எழுதிய பகுதி திரும்ப வந்து சேர்ந்தது. மண்டெல்லாவின் அம்மா வரும் இடங்களை இந்தப் புதுப் பிரதியில் படித்தபோது புத்தகத்தை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் தோட்டத்தில் போய் நின்றேன்.

குறை இல்லாத நாவல் என்று சொல்ல மாட்டேன். பட்டாளத்தில் ஆணும் பெண்ணும் சமமாக இருக்கிறார்கள், அது 1974-க்குப் பெரிய விஷயம். ஆனால் பெண் சிப்பாய்கள் படுக்கைக்கு மறுக்கக் கூடாது என்பது வழக்கமாகவும் சட்டமாகவும் இருப்பதாக எழுதிவிட்டு, ஒரு வார்த்தை கேள்வி கேட்காமல் கடந்து போகிறார். "இதை எழுதும்போது அந்தப் பெண்களிடம் யாராவது கேட்டார்களாப்பா?" என்றாள் மகள். அவள் கேட்டது நியாயம். பிற்பாடு வரும் நூற்றாண்டுகளில், மக்கள்தொகையைக் குறைக்க எல்லாரும் தன்பாலினரையே விரும்பும்படி அரசாங்கம் மாற்றிவிடுவதாக வருகிறது. ஒருவரின் இயல்பை அரசாங்கம் திருகிவிடும் குழாய்போலக் காட்டுவது எனக்கு ஒட்டவில்லை. ஆனால் அந்த ஆட்களுக்கு மண்டெல்லா அதிகாரியாகி, தான் மட்டும் வேறு மாதிரி ஆளாக நிற்கும் தனிமை நன்றாக வந்திருக்கிறது.

இதே வகையில் ராபர்ட் ஹைன்லைன் 1959-இல் எழுதிய 'ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ்' நாவலையும் படித்தேன். பாதிக்கு மேல் பயிற்சிதான். ஜிம் என்ற சார்ஜென்ட் வரும்போதெல்லாம், வெலிங்டன் பரேட் மைதானத்தில் எங்களை உருட்டி எடுத்த உஸ்தாத் ஞாபகம் வந்தார். அதிகாலைக் குளிரில் ரகடா என்ற தண்டனைப் பயிற்சி கொடுத்த அதே மனிதர், நாங்கள் உறுதிமொழி எடுக்கும் கசம் பரேட் முடிந்த அன்று ஒவ்வொருவனின் காலரையும் தன் கையால் சரிசெய்து விட்டார். ஹைன்லைனுக்கு அந்தப் பாசம் தெரிந்திருக்கிறது. அவர் கடற்படை அதிகாரியாக இருந்து, காசநோயால் 1934-இல் வெளியே வந்தவர். சண்டை பார்க்கவில்லை. அதனாலோ என்னவோ அந்த நாவலில் சண்டை சுத்தமாக இருக்கிறது. சேவை செய்தவனுக்கு மட்டும்தான் ஓட்டு என்ற அதன் வாதத்தை என்னால் ஏற்க முடியாது. வாழ்நாள் முழுக்க உருளைக்கிழங்கு விளைவித்த என் அப்பாவுக்கு என்னைவிட ஓட்டுரிமை குறைவா? ஜான் ஸ்கால்சியின் 'ஓல்ட் மேன்ஸ் வார்' 2005-இல் வந்தது. 75 வயதில் பட்டாளத்தில் சேர்கிறார்கள். விறுவிறுப்பாகப் போகிறது. ஆனால் சேர்ந்ததும் அவர்களுக்குப் புது உடம்பு கொடுத்துவிடுவதால், சாதாரண மனிதன் படும் பாடு அதில் கொஞ்சம் நழுவிப் போகிறது.

இன்னொன்று. மண்டெல்லா என்ற பெயர் ஹால்டிமன் என்ற தன் பெயரையே கலைத்துப் போட்டதுபோல அவர் வைத்தது. மேரிகே பாட்டர் என்பது அவருடைய மனைவியின் கல்யாணத்துக்கு முந்தைய பெயர். இதைத் தெரிந்துகொண்ட பிறகு கடைசிப் பக்கத்துக் கடிதத்தை மறுபடி படித்தேன். யார் யாருக்கு எழுதியது என்று சொல்லிவிட்டால் படிப்பவர்களுக்குக் கெட்டுவிடும். என் மனைவிக்கு அதைத் தமிழில் வாய்விட்டுச் சொல்லிக் காட்டினேன். முழுதும் கேட்டுவிட்டு, "நானும் இப்படித்தாங்க எழுதியிருப்பேன், எனக்குத்தான் இவ்வளவு எழுத வராதே" என்றாள்.

வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பழைய புத்தகக் கடையில் 1970கள், 80களின் பிரதி மலிவாகக் கிடைக்கும், அதில் நடுப்பகுதி மாறியிருக்கும். 1997-க்குப் பிறகு வந்த பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள். பழைய பிரதியைப் பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கொடுத்துவிட்டேன், ஆள்சேர்ப்புக்காகத் தினமும் காலையில் ஓடிக்கொண்டிருக்கிறான். புதுப் பிரதி என்னிடம்தான் இருக்கிறது, மகள் கேட்டாலும் கோயம்புத்தூருக்கு இன்னும் கொடுத்து அனுப்பவில்லை.