சாயக்கழிவு ஆய்வுக்கு டிடிஎஸ்-3 பேனா போதுமா?

நீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவை (டிடிஎஸ்) காட்டும் எச்.எம். டிஜிட்டல் நிறுவனத்தின் டிடிஎஸ்-3 பேனாவை ஆர்.ஓ. மெஷின் மாட்டுபவர்கள் கையில் பார்த்திருப்பீர்கள். நொய்யல் ஓரம் மாசு ஆய்வுக்குப் போகிறவர்களுக்கும் உதவும் கருவிதான். ஆனால் அது காட்டும் எண்ணை அப்படியே அறிக்கையில் ஏற்றினால் வம்பு.

பேனா உப்பை எடைபோடுவதில்லை. நீரின் மின்கடத்துதிறனை அளந்து, சோடியம் குளோரைடுக்கு ஏற்ற 0.5ஆல் பெருக்கிக் காட்டுகிறது. திருப்பூர்ச் சாயக்கழிவில் சோடியம் சல்பேட்டும் கலந்திருக்கும். அது கூடக்கூட இந்தப் பெருக்கெண் 0.7 வரைகூடப் போகலாம். திரையில் 1,500 பிபிஎம் (லிட்டருக்கு 1,500 மில்லிகிராம்) என்றால் கடத்துதிறன் செ.மீ.க்கு 3,000 மைக்ரோசீமென்ஸ். உண்மையான டிடிஎஸ் மாசு கட்டுப்பாட்டு வாரிய வரம்பான 2,100ஐத் தொட்டிருக்கக்கூடும். அதனால் இரண்டால் பெருக்கி, கடத்துதிறனாகவே குறித்துக்கொள்ளுங்கள். பாசன நீருக்கு மத்திய வாரியம் சொல்லும் 2,250 வரம்பும் கடத்துதிறன்தான்.

பெரிய தொல்லை திரையில். 999ஐத் தாண்டியதும் '×10' என்று மினுக்கும், உச்சி வெயிலில் கண்ணுக்கே தெரியாது. 1,500ஐ 150 என்று எழுதிக் கழிவுநீரைக் குடிநீராக்கிவிடலாம்! 9,990க்கு மேல் அளக்காது. சாயத்தொட்டிக் கழிவென்றால் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு டிஸ்டில்டு வாட்டர் சேர்த்து, வருவதைப் பத்தால் பெருக்கலாம். விடை சற்றுக் கூடுதலாகவே வரும்.

இதை நம்பி வாங்கலாம் என்பது ஒப்பீட்டுக்காகத்தான். கழிவு வாய்க்கால் ஆற்றில் சேரும் இடத்துக்கு மேலே ஒன்று, சேரும் இடத்தில் ஒன்று, கீழே நூறு மீட்டருக்கு ஒன்று என்று அளந்துகொண்டே போனால், உப்பு எங்கே ஏறுகிறது என்று நின்ற இடத்திலேயே தெரியும். ஆய்வகத்துக்கான மாதிரியை அங்கே எடுக்கலாம். பாலாற்றுத் தோல்கழிவுக் குரோமியத்தை மட்டும் இதனிடம் கேட்காதீர்கள். குடிநீரில் அதன் வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம், நூற்றுக்கணக்கான மில்லிகிராம் உப்புக்கு நடுவே அது பேனாவுக்குத் தெரியவே தெரியாது.

பேனா நீர்புகாதது அல்ல, 5 செ.மீ.க்கு மேல் முக்க வேண்டாம். முக்கியதும் பாத்திர ஓரத்தில் தட்டிக் காற்றுக்குமிழியை விரட்டுங்கள். குமிழியோ எண்ணெய்ப் படலமோ ஒட்டினால் அளவு குறைத்துக் காட்டும். படலத்துக்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், பிறகு டிஸ்டில்டு வாட்டர். கழிவு சூடாக இருந்தால் ஆறவிட்டே அளக்க வேண்டும். வாங்கும்போதே 342 பிபிஎம் உப்புக் கரைசல் ஒரு பாட்டில் சேர்த்து வாங்குங்கள்: களத்துக்குப் போகுமுன் அதில் முக்கி, எண் பிசகினால் பின்பக்கத் திருகைச் சிறு ஸ்குரூடிரைவரால் திருப்பிச் சரிசெய்யலாம்.