ஃபைபர் படகு பாலிஷ் வீடியோ பாடம்: 3,600 ரூபாய்க்கு எது தேறும், எது தேறாது

ஆறு பாடங்கள், மொத்தம் 3 மணி 10 நிமிடம். விலை 3,600 ரூபாய் என்று போட்டிருக்கிறார்கள். பணம் கட்டப் போனால் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்து 4,248 ஆகிறது. சேலத்துச் சிறிய வீடியோ யூனிட் ஒன்றும் ஃபைபர் வேலை தெரிந்த ஒரு மேஸ்திரியும் சேர்ந்து தமிழிலேயே எடுத்திருக்கிறார்கள். பாதி ஏற்காட்டில் ஒரு கொட்டகையிலும், மீதி அடிவாரத்தில் தகரக் கூரை போட்ட பட்டறையிலும் படமாகியிருக்கிறது. வேலை நடப்பது நான்கு பேர் உட்காரும் மிதி படகில். கடைசிப் பாடத்தில் மட்டும் ஒரு துடுப்புப் படகு வருகிறது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இரண்டாம் பாடமும் நான்காம் பாடமும் கொடுத்த காசுக்குத் தகும். மூன்றாம் பாடத்தில் விஷயம் இருக்கிறது, ஆனால் கண்ணுக்குத் தெரியவில்லை. மற்ற மூன்றும் யூடியூபில் இலவசமாகப் போட்டிருக்க வேண்டியவை. வரி உட்பட 2,400 என்றால் தயங்காமல் வாங்கலாம். 4,248 அதிகம்.

இப்படி ஒரு பாடம் தமிழில் தேவைதான். இணையத்தில் கிடைக்கும் படகு பாலிஷ் வீடியோக்களில் பெரும்பாலானவை கடலில் ஓடும் வெள்ளைப் படகுகளைப் பற்றியவை. ஏற்காடு ஏரியிலும் மற்ற ஊர் போட் ஹவுஸ்களிலும் ஓடுபவை சிவப்பு, நீலம், மஞ்சள் மிதி படகுகள். நாள் முழுக்க வெயிலில் நின்று, ஒன்றோடொன்று இடித்து, லைஃப் ஜாக்கெட் பக்கிள் உரசியே தேய்கிற வாடகைப் படகுகள். ஃபைபருக்கு மேலே இருக்கும் நிறப் பூச்சுக்கு ஜெல்கோட் என்று பெயர். வெயிலின் புற ஊதாக் கதிர் அதன் மேல்பரப்பைச் சிதைக்கிறது. அதுதான் கையில் ஒட்டும் சுண்ணாம்புத் தூள் போன்ற வெளுப்பு. வெள்ளைப் படகில் அது கண்ணில் படாது, சிவப்பில் பளிச்சென்று தெரியும். அந்த ஜெல்கோட் மொத்தமே அரை மில்லிமீட்டர் அளவுதான். எவ்வளவு தேய்க்கலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பதற்குத்தான் ஒருவர் காசு கொடுத்துப் பாடம் பார்க்கிறார்.

இரண்டாம் பாடம் கறை நீக்குவது. நீர்மட்டக் கோட்டில் படியும் பழுப்புக் கறைக்கு, மொசைக் தரை பாலிஷுக்கு வாங்கும் அதே ஆக்ஸாலிக் ஆசிட் தூளை எடுக்கிறார் மேஸ்திரி. ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு 50 கிராம். ஸ்பாஞ்சால் தடவி ஐந்து முதல் பத்து நிமிடம் விட்டு, காய விடாமல் அலசி, பிறகு சமையல் சோடா கலந்த தண்ணீரால் இன்னொரு முறை கழுவுகிறார். இதில் மிகவும் பிடித்த இடம், அவர் போர் தண்ணீரில் தூளைக் கரைத்துக் காட்டுவது. கரைசல் பால் போலக் கலங்குகிறது. உப்புத் தண்ணீரில் இருக்கும் கால்சியத்தோடு ஆசிட் சேர்ந்து வெள்ளையாகப் படிந்துவிடும். கறை மேல் வேலை செய்ய மிஞ்சுவது குறைவு. அடுத்த வாளியில் மழைத் தண்ணீர், கரைசல் தெளிவாக நிற்கிறது. சேலத்தில் போர் தண்ணீரையே நம்பி வேலை செய்யும் பட்டறைக்காரர்களுக்கு இந்த ஒன்றரை நிமிடமே பெரிய விஷயம். கையுறை, கண்ணாடி போடச் சொல்கிறார். ப்ளீச்சிங் பவுடரோடு இதைக் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும் என்பதையும் மறக்காமல் சொல்கிறார். ஏரியை விட்டுத் தள்ளி, கழுவிய தண்ணீர் ஏரிக்குள் ஓடாத இடத்தில்தான் இதைச் செய்ய வேண்டும் என்பதை மட்டும் ஒரே வரியில் கடந்துவிட்டார்கள்.

மூன்றாம் பாடம் வாட்டர் பேப்பர், அதாவது தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத் தாள் போடுவது. எண் கூடக் கூடத் தாள் நைசாகும். வெளுப்பு ஆழமாக இருந்தால் 800, 1000, 1500, 2000 என்று வரிசையாக ஏற வேண்டும், நடுவில் எண்ணைத் தாண்டக் கூடாது என்பது சரியான பாடம். முந்தைய எண்ணின் கீறல் முழுக்கப் போன பிறகே அடுத்த தாளுக்குப் போக வேண்டும்; விட்டுப் போன 800 கீறலைக் காம்பவுண்ட் (தேய்த்து மெருகேற்றும் பசை) எடுக்காது, கடைசியில் வெயிலில் கோடு கோடாகத் தெரியும். இவ்வளவும் குரலில் இருக்கிறது. படத்தில் இல்லை. காரணம், ஏற்காட்டுப் பனி. மூட்டம் இறங்கிய காலை நேரத்தில் எடுத்திருக்கிறார்கள். பின்னணிக்கு அழகாக இருக்கும், பாடத்துக்கு ஆகாது. பனிமூட்டத்தில் வெளிச்சம் எல்லாப் பக்கமும் இருந்து ஒரே சீராக விழும், கீறலுக்கு நிழலே விழாது. 800 தாள் போட்ட இடமும் 2000 போட்ட இடமும் ஒன்று போலவே தெரிகின்றன. ஒற்றை எல்.இ.டி. டார்ச்சைப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்திருந்தால் ஒவ்வொரு கீறலும் எழுந்து நின்றிருக்கும். கூடவே இந்தப் பாடம் முழுக்க எட்டு மடங்கு வேகத்தில் ஓடுகிறது. கை அழுத்தம், தண்ணீர் விடும் அளவு, கழுவிப் பார்க்கும் இடைவெளி எதுவும் பிடிபடவில்லை.

நான்காம் பாடத்துக்காகவே இதை எழுதுகிறோம். 48 நிமிடம், காம்பவுண்ட் மட்டும். முதல் ஐந்து நிமிடத்திலேயே, நம் பட்டறைகளில் அதிகம் நடக்கும் தவறைக் கையில் எடுக்கிறார்கள்: நான்கு அங்குல கிரைண்டரில் பஃப் (மெருகேற்றும் வட்டு) மாட்டுவது. அந்த கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்று ஓடும். ஒரு பழைய படகின் மூடித் துண்டில் அதை வைத்துக் காட்டுகிறார்கள். சில வினாடிகளில் சிவப்பு கருகி, விளிம்பில் அடியிலிருக்கும் ஃபைபர் நரம்பு தெரிகிறது. பிறகு வேகம் கூட்டிக் குறைக்கும் ஏழு அங்குல பாலிஷர், ஊல் பேட் (கம்பளி வட்டு), காம்பவுண்டைப் பரப்புவதற்கு 600 சுற்று, வேலைக்கு 1,200 முதல் 1,500. இரண்டடிக்கு இரண்டடி கட்டம். விளிம்பெல்லாம் மாஸ்கிங் டேப். பேட் தட்டையாக உட்கார வேண்டும், சாய்த்தால் ஓரம் மட்டும் சூடேறும். நகர்த்தும் வேகம் வினாடிக்கு ஓர் அங்குலம், முந்தைய வரிசையின் பாதி மேல் ஏறியபடி அடுத்த வரிசை. ஒரு கட்டத்தை வெட்டாமல், வேகம் கூட்டாமல், ஆறு நிமிடம் அப்படியே ஓட விட்டிருக்கிறார்கள். கற்றுக்கொள்ள வருபவருக்கு வேண்டியது இந்த ஆறு நிமிடம்தான், ஏனென்றால் வினாடிக்கு ஓர் அங்குலம் என்று காதால் கேட்டவர் எவரும் முதல் நாள் அவ்வளவு மெதுவாக நகர்த்துவதில்லை.

ஒவ்வொரு கட்டத்துக்குப் பிறகும் புறங்கையை வைத்துச் சூடு பார்ப்பது, பேட்டில் அடைந்த காம்பவுண்டை முள் சக்கரத்தால் கோதி எடுப்பது, வெயிலில் நின்ற படகை நிழலில் ஆற வைத்த பிறகே தொடங்குவது எல்லாம் இருக்கிறது. அடர் நிறம் சீக்கிரம் சூடேறும் என்பதால் நீலத்துக்குச் சுற்றைக் குறைக்கிறார். மிதி படகு ஒன்றுக்கு 250 மில்லி காம்பவுண்ட் என்ற கணக்கும் நியாயமானதே; வெளுப்பு அதிகமிருந்தால் கூடும். நடுவில் டேப் ஒட்டி, ஒரு பக்கம் செய்தது, மறு பக்கம் செய்யாதது என்று ஒரே வெளிச்சத்தில், ஒரே கோணத்தில் காட்டியிருப்பது நேர்மையான வேலை.

படப்பிடிப்பில் இன்னும் மூன்று குறைகள். ஐந்தாம் பாடத்தில் போலரைசர் ஃபில்டர் போட்டு எடுத்திருக்கிறார்கள்; அது பளபளப்பையே தின்றுவிடுகிறது. மெருகு காட்டும் வீடியோவில் எதிரொளிதான் சாட்சி, அதைக் கண்ணாடி போட்டு மறைக்கக் கூடாது. பட்டறைக்குள் எடுத்த காட்சிகளில் டியூப் லைட் பட்டை பட்டையாக ஓடுகிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; கேமரா ஷட்டரை வினாடியில் 50இல் ஒன்று அல்லது 100இல் ஒன்று என்று வைத்திருந்தால் இந்தத் தொல்லை இல்லை. மூன்றாவது ஒலி. சட்டையில் குத்திய மைக்கில் பாலிஷர் சத்தம் ஏறி, சுற்று எண்ணிக்கை சொல்லும் இடமே காதில் விழவில்லை. இயந்திரம் ஓடும் காட்சிக்குக் குரலைப் பின்னால் தனியாகப் பதிந்து, இயந்திரத்தின் சத்தத்தைத் தாழ்வாகக் கீழே விட்டிருக்கலாம். முழுக்க எடுத்துவிடவும் கூடாது, சுமை ஏறும்போது சத்தம் மாறுவதைக் கேட்டுத்தான் அழுத்தம் கற்றுக்கொள்கிறோம்.

ஐந்தாம் பாடம் மெருகின் மேல் காப்பாகப் பூசும் செராமிக் கோட்டிங்கைச் சிபாரிசு செய்கிறது. இதில் உடன்பாடில்லை. ஒரு நாளைக்குப் பல முறை இடிபடும் வாடகைப் படகுக்கு அது வீண் செலவு. ஈரப்பதம் ஏறிய மலைக்காற்றில் அது திட்டுத் திட்டாக இறுகிவிட்டால் மறுபடி காம்பவுண்ட் போட்டுத்தான் எடுக்க வேண்டும். சாதாரண பாலிமர் சீலண்ட் தடவி, விரலால் ஒரு கோடு இழுத்து, கோடு சுத்தமாக விழுந்த பிறகு துடைத்தெடுப்பது போதும். தேய்ந்த இடத்தில் மட்டும் மறுபடி போட்டுக்கொள்ளலாம். கால் வைக்கும் சொரசொரப்பான தளத்தில் வேக்ஸோ சீலண்டோ போடவே கூடாது என்பதை இந்தப் பாடம் சொல்லவில்லை. நனைந்த செருப்போடு படகில் ஏறும் குழந்தை வழுக்கி விழும். ஆறு பாடங்களில் மன்னிக்க முடியாத விடுபடல் இதுதான்.

இன்னும் சில விடுபடல்கள். ஜெல்கோட்டில் சிறு கொப்புளம் இருந்து, குத்தினால் வினிகர் வாடையில் நீர் கசிந்தால் அது பாலிஷ் வேலையே இல்லை. உலர்த்தி, திறந்து, சரி செய்ய வேண்டும். சிலந்தி வலை போன்ற விரிசலுக்கும் அப்படியே. சிலிக்கோன் கலந்த பளபளப்பு ஸ்ப்ரே அடித்த இடத்தில் பின்னால் ஜெல்கோட் ஒட்டாமல் குழி விழும். தண்ணீருக்குப் பக்கத்தில் பாலிஷர் ஓட்டும்போது மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. உள்ள இணைப்பு வேண்டும். தூளுக்கு மாஸ்க் வேண்டும். மேஸ்திரி துண்டைத்தான் கட்டியிருக்கிறார். இவை எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பத்து நிமிடம் போதும். அதற்குப் பதில் முதல் பாடத்தில் கொண்டை ஊசி வளைவுகள் மேல் டிரோன் பறக்கிறது.

இனி விலை. மூன்று மணி நேரம் என்ற நீளத்தை வைத்து விலை போட்டது போலத் தெரிகிறது. வாங்குபவர் கணக்கு வேறு. விளிம்பில் ஜெல்கோட் எரிந்தால், அதே நிறம் தேடி வாங்கி, இறுக வைக்கும் ஹார்டனர் 2 சதவீதம் கலந்து பூசி, மலைக் குளிரில் இறுகும்வரை காத்திருந்து, 400இலிருந்து மறுபடி தேய்க்க வேண்டும். படகும் அத்தனை நாள் ஓடாது. அதைத் தடுப்பது நான்காம் பாடம். ஆகவே விலை அதற்குத்தான்.

2,400 என்று வரி உட்பட வைத்தால் ஜி.எஸ்.டி. 366 போகும், பணம் வாங்கித் தரும் நிறுவனத்துக்கு 2 சதவீதமும் அதன் மேல் வரியும் சேர்ந்து 57 போகும், கையில் 1,977 நிற்கும். அறுபது பேர் வாங்கினால் 1,18,600 சொச்சம். படகு வைத்திருப்பவர்கள் மட்டுமென்றால் அறுபது பேர் சேர்வதே கஷ்டம். கார் பாலிஷ் பட்டறைக்காரர்களையும் சேர்த்துத்தான் இந்தச் சந்தை. முன்னோட்டமாக டிரோன் காட்சிக்குப் பதில் நான்காம் பாடத்தில் கிரைண்டர் கருக்கும் இரண்டு நிமிடத்தைப் போட்டிருந்தால் அவர்களே தேடி வருவார்கள்.

உரிம நிபந்தனையும் மாற வேண்டும். ஒரு கணக்கு, ஒரு போன், ஓராண்டு என்கிறார்கள். போட் ஹவுஸில் வேலை செய்வது நான்கைந்து பேர். ஒரே போனைச் சுற்றி நின்று பார்க்க முடியாது, அவர்களுக்கு டி.வி.யில் போட்டுப் பார்க்கும்படி தனி விலை வேண்டும். இந்த வேலைக்கு ஏற்ற காலம் மழை ஓய்ந்த ஜனவரி முதல் மார்ச் வரை, மே மாதக் கோடை விழாக் கூட்டத்துக்கு முன். இந்த பிப்ரவரியில் வாங்கியவருக்கு, அடுத்த பிப்ரவரியில் மறுபடி பாலிஷர் எடுக்கும்போது பாடம் பூட்டியிருக்கும். மூன்றாண்டாவது திறந்திருக்க வேண்டும். பொருள் பட்டியலும் கலவை அளவுகளும் ஒரு பக்கத் தாளாக இறக்கிக்கொள்ளக் கிடைக்க வேண்டும்.

ஏழு நாளுக்குள், கால் பங்குக்கு மேல் பார்க்கவில்லையென்றால் பணம் திரும்பும் என்று விதியில் இருக்கிறது. 3 மணி 10 நிமிடத்தில் கால் பங்கு என்றால் 47 நிமிடம் சொச்சம். வாங்குபவர்கள் முதல் பாடத்தில் தொடங்க வேண்டாம். நேராக நான்காம் பாடத்தைத் திறந்து, அந்த ஆறு நிமிடத்தை மட்டும் முதலில் பாருங்கள்.