வெறும் வீடா, கடையோடு வீடா? தங்கச்சிமடத்து மனை ஒன்றை வைத்து ஓர் ஒப்பீடு

மச்சான் ராமேசுவரம் தீவிலுள்ள தங்கச்சிமடத்தில் மனை தேடுகிறார். இரண்டு இடம் படிந்திருக்கிறது. ஒன்று புது லேஅவுட். வீடு மட்டும்தான், கடை கிடையாது என்பதையே புரோக்கர் பெருமையாகச் சொல்கிறார். இன்னொன்று பழைய தெரு. கீழே கடை, மேலே வீடு. எதை முடிக்கலாம் என்று என்னிடம் கேட்டார்.

வீட்டையும் கடையையும் பிரித்து வைப்பது பழைய யோசனை. ஓஹையோவின் யூக்ளிட் என்ற ஊர் போட்ட அப்படியொரு விதி செல்லும் என்று 1926இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்புறம் அங்கே அது தடையில்லாமல் பரவியது. சென்னைப் பெருநகரத் திட்டத்திலும் ஆதாரக் குடியிருப்பு (பெரும்பாலும் வீடுகள்), கலப்புக் குடியிருப்பு (வீட்டோடு கடைகளும்) என்று இரண்டு வகை உண்டு. வீடு மட்டும் உள்ள தெருவில் லாரி வராது, ஜெனரேட்டர் சத்தம் இருக்காது. பிள்ளைகள் தெருவில் விளையாடலாம். இதெல்லாம் சின்ன விஷயமில்லை.

ஆனால் நம் பக்கத்தில் வீடு எங்கே முடிகிறது, தொழில் எங்கே தொடங்குகிறது? திண்ணைத் தூணில் வலையைக் கட்டி, கிழிந்த கண்ணிகளை ஒவ்வொன்றாக முடிந்துகொண்டிருப்பார் ஒருவர். அடுத்த வீட்டு முற்றத்தில் மல்லிகை நாற்று. அதற்கடுத்த வீட்டு மாடியில் கருவாடு காயும். 'வீடு மட்டும்' என்ற விதியை எழுத்துக்கு எழுத்து பார்த்தால் தெருவில் பாதிப் பேர் குற்றவாளி. பால் வாங்கவே பைக்கை எடுக்க வேண்டும் என்பது அப்புறம்.

சரி, கலப்புதான் நல்லது என்று முடித்துவிடலாமா? அங்கேதான் சிக்கல். பெட்டிக்கடையும் வணிகம், நாற்பது அறை லாட்ஜும் வணிகம். ராமேசுவரத்தில் என் சித்தி வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜ் வந்தது. ஆழமாகப் போர் போட்டார்கள். இரண்டு கோடைக்குள் சித்தி வீட்டுக் கிணற்று நீர் கரித்துவிட்டது. இப்போது குடம் கணக்கில் விலைக்குத்தான் வாங்குகிறார். தீவு மணலில் மழைநீர் மெல்லிய அடுக்காக உப்புநீருக்கு மேலே நிற்கிறது. அளவு மீறி இழுத்தால் கீழே உள்ள உப்பு மேலேறும். இந்த ஊரில் தொந்தரவு என்றால் முதலில் தண்ணீர், அடுத்து செப்டிக் டேங்க். சத்தம் மூன்றாவதுதான்.

அதனால் எனக்குப் பிடித்தது ஜப்பான் வழி. எங்கே எதைக் கட்டலாம் என்பதற்கு அங்கே 13 வகை மண்டலங்கள், படிப்படியாக. மிகக் கண்டிப்பான தாழ்மாடிக் குடியிருப்பு மண்டலத்திலேயே வீட்டோடு சேர்ந்த சின்னக் கடைக்கு இடமுண்டு. கடை 50 சதுர மீட்டரைத் தாண்டக்கூடாது, கட்டிடத்தில் பாதிக்கு மேலும் போகக்கூடாது. கடையா வீடா என்பதைவிட எவ்வளவு பெரிசு என்பதுதான் அங்கே பேச்சு. இதோடு தண்ணீர்க் கணக்கையும் சேர்த்தால் நம் கரைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இருக்கும்.

கடலோர விதி தனி. மத்திய அரசின் 2019 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைப்படி, சதுர கிலோமீட்டருக்கு 2161 பேருக்கு மேல் வாழும் கிராமப்புறத்தில் உயர் ஓதக் கோட்டிலிருந்து (கடல் ஏற்றத்தின்போது நீர் எட்டும் எல்லை) 50 மீட்டரும், ஆள் குறைந்த கிராமப்புறத்தில் 200 மீட்டரும் புதுக் கட்டுமானத்துக்குத் தடை. கடையா வீடா என்ற கேள்வியே அதற்கு அப்புறம்தான்.

மச்சானுக்குப் பழைய தெருவைத்தான் சொன்னேன். முன்பணம் கொடுக்குமுன் இரண்டு வேலை: பக்கத்துக் காலி மனை யார் பேரில் இருக்கிறது என்று விசாரிக்க வேண்டும், எதிர் வீட்டுக் கிணற்றில் ஒரு வாளி இறைத்து வாயில் ஊற்றிப் பார்க்க வேண்டும்.